பம்பின் மேல் வைத்த பொட்டு

நான் என்னென்ன உண்டாக்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரோ ஒரு கிழவன் ஒரு பம்புக்காகக் கத்தின கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

சிதம்பரம் ரயிலடிப் பக்கம் வரிசையாக வேன்கள் நிற்கின்றனவே, அந்த ஸ்டாண்டு நான் உண்டாக்கியது. முதல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அங்கே முள்ளும் குப்பையும்தான் இருந்தன. "இங்க எவன் மாமா வண்டி கேட்டு வருவான்?" என்று சிரித்தவர்கள் பிறகு என் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். கோயிலுக்குக் கிழக்கே மாடி வைத்த வீடு நான் கட்டியது. அஸ்திவாரக் கல்லில் பாதி என் தோளில் வந்தது. எனக்குக் கடன் தர முடியாது என்று நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாத பேங்க் மேனேஜர், தன் பெண்ணின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை என் வேனில்தான் அழைத்து வந்தார். என் இரண்டு பெண்களும் பட்டம் வாங்கியவர்கள். பெரியவளுக்கு என்ஜினீயர் மாப்பிள்ளை பிடித்தேன். எல்லாம் அஞ்சாம் வகுப்பை முழுதாக முடிக்காத ஒருவன் செய்தது. என் அப்பா புவனகிரிப் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போட்டவர். அவர் எனக்கு விட்டுப்போனது உடம்பும் வாயும்தான். இரண்டையும் நான் வீணாக்கவில்லை.

வாயைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாதம் கடலூரில் ஒரு ஷோரூமில் புது டீசல் வேன் எடுத்தேன். அதுவரை நான் வைத்திருந்ததெல்லாம் மற்றவர்கள் ஓட்டித் தேய்த்த வண்டிகள். புது வண்டியின் சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சனி ஞாயிறில் கோயில் சவாரி என்று வண்டிக்கு ஓய்வே கிடையாது. வாரண்டி இரண்டு வருஷம். அதற்குள் இன்ஜினில் எது கெட்டாலும் கம்பெனி சும்மா மாற்றித் தரும். ஆனால் வெளி மெக்கானிக் எவனும் இன்ஜினைப் பிரித்திருக்கக் கூடாது. ஷோரூம் மேனேஜர் இதை என்னிடம் வாயால் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு வாயால் சொன்னதே சாசனம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. மற்றவர்கள் சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து அப்புவார்கள். இன்ஜின் சூட்டுக்கு மறுநாளே காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். நான் அதில் கொஞ்சம் மைதாப் பசை சேர்ப்பேன். சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்களே, அதே பசை. குங்குமத்தையும் அதிலேயே போட்டுக் குழைத்துவிடுவேன். என் மனைவிக்கு அது பிடிக்காது.

"சாமிக்கு வெக்கற சந்தனத்துல போயி போஸ்டர் பசைய ஊத்துறீங்களே, நல்லாவா இருக்கு?"

"ஸ்டாண்டுல எவன் பொட்டாவது தீவாளி மழைக்கு நிக்குதா? என் பொட்டு பொங்கலுக்கும் நிக்கும், பாத்துக்கினே இரு."

நின்றது. டயர், ஸ்டீயரிங், பேட்டரி எல்லாவற்றுக்கும் வைத்த பிறகு சீட்டைத் தூக்கி இன்ஜினுக்கும் வைத்தேன். டீசல் பம்பு வண்டிக்கு நெஞ்சு மாதிரி. அதற்கு மட்டும் கை நிறைய எடுத்து, போல்ட்டுத் தலைகள் மறையும்படி அழுத்தமாக வைத்தேன். ஒருவன் தன் முதல் புது வண்டிக்கு வேறு எப்படி வைப்பான்?

மாசி மாதம், குழந்தைக்கு முடி இறக்கப் போகும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிளம்பினேன். லால்பேட்டை நெருங்கும்போது வண்டி இருமியது. கடைத்தெருவில் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. டீசல் வாசனை மூக்கில் ஏறியது. அங்கே ஒரு மெக்கானிக் பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். என் பழைய வண்டிகள் எல்லாமே அவர் கை பட்டவை. ஸ்பேனரோடு ஓடி வந்தார்.

"மாமா, சீட்ட தூக்குங்க. பம்பு மாதிரிதான் தெரியுது. பாத்துடுவோம்."

"வேணாம் பாய். வாரண்டி இருக்கு. யாரும் கை வெக்கக் கூடாதாம்."

"இன்னா மாமா, புதுப்பொண்ணா இது? தொட்டா கோவிச்சிக்குமா?"

"கோவிச்சிக்கும். நீ இவுங்களுக்கு டீ வாங்கிக் குடு. அது போதும்."

பாய் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார், குடும்பத்துக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார், கடலூர் போகிற ஒரு லாரியை நிறுத்தி என் வேனைக் கயிற்றால் கட்டியும் விட்டார். சீட்டை மட்டும் அவர் தூக்கவில்லை, நான் விடவில்லை. செத்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே கடலூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொடத் தெரிந்தவரை, எனக்கு வேண்டியவரை, கண் முன்னால் நின்றவரை நான் தொட விடவில்லை.

ஷோரூம் பட்டறையில் வண்டியை விட்டு வந்த சில நாளில் அங்கிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ். நான் அதைத் திருப்பி அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பம்பு வெளியில் பிரிக்கப்பட்டிருக்கிறது, போல்ட்டுகளின் மேல் வெளி மெக்கானிக்குகள் பூசும் ஒட்டுப் பசை தெரிகிறது, ஆகையால் வாரண்டி கிடையாது என்று அதில் இருந்தது. இவர்கள் கம்ப்யூட்டரில் அனுப்பிய படத்தைப் பார்த்து, வடக்கே எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி முடிவு செய்துவிட்டார். படத்தை எனக்கும் காட்டினார்கள். செங்கல் நிறத்தில், கெட்டியாக, விரல் தடத்தோடு என் பொட்டு அதில் தெரிந்தது.

"இது சந்தனம் சார்," என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்க ஐயா."

"தெரியுதா? அப்ப சந்தனம்னு எழுதி அனுப்பு."

"ஒருவாட்டி அவுங்க முடியாதுன்னுட்டா நாங்க எதுத்து எழுத முடியாதுங்க. எங்களையே சந்தேகப்படுவாங்க. ஒண்ணு செய்றேன். பம்பு வெலையில பாதி நீங்க குடுங்க. மீதிக்கு நான் பேசறேன்."

எனக்குக் காது சூடானது.

"பாதி எதுக்கு? நான் பாதி பிரிச்சேனா? பிரிச்சிருந்தா முழுசும் நான் குடுக்கணும். பிரிக்கலன்னா ஒரு பைசா குடுக்கக் கூடாது. நடுவுல இந்தப் பாதி எங்கேர்ந்து வந்துது?"

பாதி கொடுத்தால் வண்டி கிடைத்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாதி கொடுத்த நாளிலிருந்து நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் ஆகிவிடுவேன். என் ஸ்டாண்டில் சவாரி பேசுவது வாயால்தான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. என் வாய் பொய் என்று ஆகிவிட்டால் எனக்கு ஸ்டாண்டு எதற்கு?

வீட்டில் யாரும் என் பக்கம் இல்லை. மூத்த மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வாரம் வந்திருந்தார்.

"மாமா, பாதி தரோம்னு சொல்றதே பெரிசு. வாங்கிக்கினு வேலையப் பாருங்க."

"மாப்ள, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு நடந்தது தெரியும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

லால்பேட்டையில் தொட விடாததைச் சொன்னேன். கயிறு கட்டி வந்ததைச் சொன்னேன். பசை கலந்த முறையையும் விடாமல் சொன்னேன். அவர் எழுதியதோ உள்ளங்கை அகலம்கூட வரவில்லை.

"நான் சொன்னதெல்லாம் எங்க மாப்ள?"

"அதெல்லாம் தேவையில்ல மாமா. ப்ரொபஷனலா எழுதியிருக்கேன்."

உள்ளே மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினாள். "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பசைய ஊத்தாதீங்கன்னு." கம்பெனிக்குக் கடிதம் போனது. முடியாது என்று முதலில் சொன்ன அதே வாசகம் பதிலாகத் திரும்பி வந்தது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடச் சவாரிக்கு வேறு ஒருவர் வண்டியை வாடகைக்கு எடுத்து விட்டிருந்தேன். என் வேனோ கடலூர்ப் பட்டறையின் பின்பக்கம் தூசு படிந்து நின்றது. தினமும் காலையில் பஸ் ஏறிக் கடலூர் போனேன். ஷோரூமில் வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தேன். நான் வாடிக்கையாளன்தானே, யார் எழுப்புவது? குளிர் மிஷின் ஓடியது, காபி கொடுத்தார்கள். முதலில் ஐயா வாங்க என்றார்கள். பிறகு வாங்க என்றார்கள். அதற்கப்புறம் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நல்ல முகூர்த்தம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு புது லோடு வண்டி எடுக்க வந்திருந்தார். மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் தயார். ஷோரூமே ஏற்பாடு செய்திருந்த ஐயர், சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடிக்கு வைத்தார், விளக்குகளுக்கு வைத்தார். வண்டிக்காரர் ஆசையாக, "இன்ஜினுக்கும் ஒண்ணு வெச்சிடுங்க சாமி," என்றார்.

நான் சோபாவிலிருந்து எழுந்தேன்.

"வேணாம் தம்பி. இன்ஜினுக்கு வெக்காத. வாரண்டி போயிடும்."

ஐயரின் விரல் அப்படியே நின்றது.

"இன்னா பெரியவரே சொல்றீங்க?"

"நான் வெச்சேன். வெளியில பிரிச்சி ஒட்டியிருக்கேன்னு எழுதிட்டாங்க. என் வேன் பின்னாடி நிக்குது. நீயே போயி பாரு."

அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் கைக்குட்டையை எடுத்து விளக்கில் இருந்த பொட்டைத் துடைக்கத் தொடங்கினார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கிறீங்களே! எனக்கு இந்த வண்டியே வேணாம்." ஐயர் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயா, இன்னா இப்படி பண்றீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? உங்க ரூல்ஸ உங்க கஸ்டமருக்குச் சொன்னேன். பொய்னா பொய்னு சொல்லு."

மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் மேனேஜரை நேராகப் பார்த்தார். "சொல்லுங்க சார். பொட்டு வெக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்த."

வைக்கலாம் என்றால் என் காகிதம் பொய். கூடாது என்றால் அன்றைக்கு மட்டும் இல்லை, இந்த ஜில்லாவில் என்றைக்குமே வண்டி விற்க முடியாது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரியே நேரில் வந்து என் பம்பைப் பார்ப்பார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதன் பிறகுதான் அந்தக் குடும்பம் பூசணிக்காய் உடைத்தது. இன்ஜினுக்குப் பொட்டு வைக்கவில்லை. அது மட்டும் எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

அதிகாரி வந்தார். நம்மூர்த் தமிழர்தான், சட்டை கசங்காத மனிதர். இன்ஜினிலிருந்து கழற்றித் தட்டில் வைத்திருந்த பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபேக்டரியில் பம்பு மூடியின் போல்ட்டை முறுக்கிய பிறகு, போல்ட்டுத் தலையிலிருந்து பம்பு உடம்பு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுத்து விடுவார்களாம். எவனாவது போல்ட்டைத் திருகியிருந்தால் கோடு முறிந்திருக்கும். "அந்தக் கோடு இதுக்கு அடியில இருக்குங்க. மறைஞ்சி போச்சி," என்றார்.

"அப்ப கழுவிப் பாருங்க சார். சந்தனம்தான், தண்ணி பட்டா போயிடும். ஆனா என் கை படாது, இவுங்க கையும் படாது. உங்க கையால ஊத்துங்க."

பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அதிகாரி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். துணியால் தேய்த்தார். பொட்டு அசையவில்லை. மறுபடியும் ஊற்றினார், நகத்தால் சுரண்டினார். ஓடு மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா சார்," என்றார் மேனேஜர். கூட்டத்தில் எவனோ, "பெருசு சிமெண்ட்ல பொட்டு வெச்சிருக்கு போல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பயந்துவிட்டேன் என்று சிலர் பிற்பாடு சொன்னார்களாம். பயப்படவில்லை. ஸ்டாண்டிலேயே உசத்தியான பொட்டு என்னுடையது. மாதக்கணக்காக இன்ஜின் சூட்டில் வெந்தது. அது பச்சைத் தண்ணீருக்குப் போகாமல் இருப்பதுதான் நியாயம்.

"சிரிங்கடா. அது மைதாப் பசை போட்ட சந்தனம். சூட்டுல இறுகினத சூட்டாலதான் எளக்கணும். டீக்கடையிலேர்ந்து வெந்நி கொண்டாங்க."

வாசல் டீக்கடைக்காரர் பாய்லர் தண்ணீரைச் சொம்பில் கொண்டு வந்தார். அதிகாரி மெதுவாக ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆவி எழுந்தது. அந்த ஆவியோடு சந்தன வாசனையும் எழுந்தது. டீசலும் கிரீஸும் நாறுகிற பட்டறைக்குள், கருவறைக் கதவைத் திறந்த மாதிரி வாசனை. சிரித்தவர்களில் ஒருவன் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதிகாரி இன்னொரு சொம்பு கேட்டார். பொட்டு இளகி, சிவப்பாகக் கரைந்து தட்டில் வழிந்தது. துணியால் ஒரு துடைப்பு. அடியில் மஞ்சள் கோடு போல்ட்டிலிருந்து பம்புக்கு நேராக ஓடியது. எல்லாப் போல்ட்டிலும் அப்படியேதான்.

"ஐயா, இத யாரும் தொடவே இல்ல," என்றார் அதிகாரி.

"அதத்தான் நான் மாசியிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்."

புதுப் பம்பு தருவதாகச் சொன்னார். போதாது என்றேன். வெளி ஆள் கை பட்டது என்று எழுதினீர்களே, படவில்லை என்றும் எழுதுங்கள் என்றேன். எழுதினார். அதை மேனேஜர் பட்டறை நடுவில் நின்று தமிழில் உரக்கப் படிக்க வேண்டும் என்றேன். படித்தார். சித்திரை பிறப்பதற்குள் என் வேன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஓடியது. லால்பேட்டை பாயிடம் சொன்னபோது, "அன்னிக்கு என்னத் தொட உட்டிருந்தா இவ்ளோ ரகள வந்திருக்காதே மாமா," என்றார். தொட விட்டிருந்தால் கோடு முறிந்திருக்கும் பாய், நான் தோற்றிருப்பேன் என்றேன்.

இனி நியாயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பட்டறையில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. வாரண்டிக்கு எந்தச் சாமான் வந்தாலும், வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கண் முன்னால் வெந்நீர் ஊற்றிக் கழுவின பிறகுதான் படம் எடுக்கிறார்கள். பண்ருட்டியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவனும் அதனால் பிழைக்கிறான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இன்னொரு வண்டி எடுக்கப் போனபோது அதே மேனேஜர், நரைத்த தலையோடு, அதை ஒரு புது ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இது நாங்களே கொண்டாந்த சிஸ்டம் சார்." நான் பின்னாலேயே நிற்கிறேன்! என் ஸ்டாண்டிலோ, "மாமாவோட மருமவன் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டாரு, கம்பெனியே ஓடியாந்துச்சி," என்று சொல்கிறார்கள். மாப்பிள்ளை விசேஷ வீடுகளில் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா சிரிக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சொல்ல வேண்டும். மாப்பிள்ளை அடுத்த கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, தான் எழுதிய கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை, ஜெயித்தது மாமா என்று சொல்ல வேண்டும். ஸ்டாண்டுக்காரர்கள் கதையை மாற்றிச் சொல்ல வேண்டும். ஷோரூம்காரர்கள் அந்த வெந்நீர் வைக்கும் இடத்துக்கு மேலே, இந்த முறை யாரால் வந்தது என்று சுவரில் எழுத வேண்டும். பெயிண்டுக்குக் காசில்லை என்றால் நான் வாங்கித் தருகிறேன். நீங்களும் அங்கே வண்டி விட்டால் கேளுங்கள். என்ஜினீயர் எழுதின கடிதம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி கொண்டு வந்த சிஸ்டம் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சோபாவை விட்டு எழுந்திருக்காத சிதம்பரத்து வேன்காரர் கொண்டு வந்தது என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அதற்கப்புறம் சாவியைக் கொடுங்கள்.